பொரிப் பொட்டலமும் வகுப்புத் தலைவியும்

எனக்குக் கதாநாயகிகளைக் கண்டாலே எரிச்சல். பிடித்தவன் எதிரிலேயே நிற்பான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. சொல்ல மாட்டாள். பன்னிரண்டு எபிசோடு இழுப்பாள். பார்க்கிற நமக்கு உயிர் போகும்.

நான் பார்க்கிற ஒரு ஜப்பான் காதல் காமெடித் தொடரிலும் இதே கூத்துதான். ஆனால் அதில் ஒரு வகுப்புத் தலைவி வருவாள். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. எபிசோடுக்கு ஒரு நிமிடம் தலைகாட்டினால் அதிகம். வருகைப் பதிவேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி வருவாள், பேந்தப் பேந்த விழிக்கும் ஜோடியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள், நடுவில் புகுந்து எதையாவது சொதப்புவாள், அதிலேயே அவர்களுக்கு ஒரு வழி பிறந்துவிடும். அவளுக்காகவே அந்தத் தொடரின் மங்கா படக்கதையையும் ஃபோனில் தேடிப் படித்தேன். அதில் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம்தான் அவளுக்கு. அந்தக் கட்டத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துச் சிரிப்பேன்.

மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் லேடீஸ் பெட்டியில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு நானும் என் தோழியும்தான் அந்தத் தொடரைப் பார்ப்போம். இருவருக்கும் ஒரே கம்பெனி. காருக்கு ரப்பர் குழாய் செய்கிற இடம். நான் குழாயைச் சோதித்துத் தள்ளுவேன், அவள் சரக்கு அடுக்கின்மேல் ஒட்டுகிற அட்டையை எழுதுவாள். அச்சடித்த மாதிரி எழுத்து. அந்த அடுக்கை ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் தூக்கிப் போகிறவர் ஆரம்பாக்கத்துக்காரர். இரண்டு வருடமாக இவள் அவரைப் பார்ப்பாள், அவர் அட்டையைப் பார்ப்பார். பேச்சு? ம்ஹூம். என் கண்ணெதிரிலேயே ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு முடிவே வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஆந்திராவில் தடா பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆயுத பூஜையன்றுதான் எங்களோடு கடைசி நாள்.

சேதி தெரிந்த அன்று ரயிலில் அவள் ஃபோனைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருக்க? போய் சொல்லேன்டி!”

“நேர்ல பார்த்தா வார்த்த வர்லடி. எழுதி வேணா குடுக்கறேன்.”

எழுதினாள். ‘போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க. நான் ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன்.’ அவ்வளவுதான். கையெழுத்துப் போடவில்லை. “அவருக்கு என் எழுத்து தெரியும்” என்றாள். அட்டை எழுதுகிறவளுக்கு வந்த திமிரைப் பாருங்கள்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜையன்று குடும்பத்தையெல்லாம் உள்ளே விடுவார்கள். அப்பன் ஓட்டும் மிஷின் எது, மகள் நிற்கும் இடம் எது என்று எல்லாரும் வந்து பார்ப்பார்கள். வந்தவர்களுக்குப் பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரை போட்ட காகிதப் பொட்டலம். பொட்டலம் கட்டும் வேலை எங்கள் லைனுக்கு. விடுவேனா? கடிதத்தை ஒரு பொட்டலத்துக்குள் மடித்து வைத்தேன். அடையாளத்துக்கு அதன்மேல் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். தனியாக ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

திரும்பி வந்து பார்த்தால் எல்லாப் பொட்டலத்திலும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

கேன்டீன் அண்ணன் கிண்ணத்தோடு நிற்கிறார். மிஷின், கதவு, தராசு, தண்ணீர் கேன், எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆயுத பூஜையன்று பொட்டை அடையாளமாக வைத்த மடச்சி உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

“அண்ணா, ஓரமா ஒண்ணு இருந்துச்சே?”

“அதுல முன்னாடியே பொட்டு இருந்துச்சும்மா. அத்த எடுத்து மேலாக்க வெச்சிட்டேன்.”

மேலே இருந்ததைத்தானே முதலில் கொடுப்பார்கள்! ஓடினேன். ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவர் மேலே உட்கார்ந்திருந்தார். மகன் வண்டியைப் பார்க்க முதல் ஆளாக வந்து நின்ற அவர் அம்மாவின் கையில் பொட்டலம் பிரிந்திருந்தது. அந்த அம்மா கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். என் தோழி நாலடி தள்ளி நின்று துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா இத எழுதுனது?” என்று சத்தமாகவே கேட்டார். கோபமா, ஆசையா, ஒன்றும் புரியவில்லை. சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் பகுதி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இவளோ அழுதுவிடுவாள் போலிருந்தாள்.

சத்தியமாக யோசிக்கவில்லை. மூலைக் கட்டத்திலிருந்து குதித்து வந்தவள் மாதிரி நடுவில் போய் நின்றேன். “நான்தான் ஆன்ட்டி!”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கன்னத்தில் ஒரு கை வந்து தடவியது.

“லட்சணமா கீறியேம்மா! ரெண்டு வருஷமாவா? என் புள்ளைக்காகவா? நீ எந்த ஊரு? ஊட்ல யார் யார் கீறாங்க?”

போச்சுடா! “மீஞ்சூரு” என்றேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த அம்மா தன் தலையிலிருந்த பூவில் ஒரு முழம் கிள்ளி என் தலையில் வைக்கக் கையை உயர்த்தினார்.

“அய்யோ வெக்காதீங்க! அத எழுதுனது நான் ஆன்ட்டி! அவ இல்ல! நான்தான், நான்தான் ரெண்டு வருஷமா காத்துக்கினு இருக்கேன்!”

என் தோழிதான். மிஷின் ஓடும்போதுகூட யார் காதிலும் விழாத குரல் அவளுடையது. அன்று கேட்டில் நின்ற செக்யூரிட்டிவரை கேட்டது. கத்திவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. என்னைப் பார்த்து அவள் முறைத்த முறைப்பு இருக்கிறதே, அவ்வளவு பொறாமை! நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை.

அவர் வண்டியை விட்டு இறங்கி வந்தார். அம்மா கையிலிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

“எழுத்தப் பார்த்தாலே தெரியுதேம்மா, யாருன்னு.”

“தெரிஞ்சிக்கினு ரெண்டு வருஷமா இன்னா நைனா பண்ணிக்கினு இருந்த?” அந்த அம்மா பூவோடு உயர்த்திய கையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தார். டிஸ்பாட்ச்சே விசிலடித்தது.

அவர் காது சிவந்துபோயிருந்தது. இவள் தலையைத் தூக்கவில்லை. ஒரு வார்த்தை பேசச் சொல்லி எழுதியிருந்தாள் அல்லவா, அவர் தொண்டையைக் கனைத்துக் கனைத்துக் கடைசியில் பேசினார்.

“திங்கக்கெழம நான் போயே ஆவணும். ஞாயித்துக்கெழம அம்மாவ இட்டுக்கினு உங்க ஊட்டுக்கு வரட்டுமா? சாயந்திரமா?”

நான் அவளைக் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

“சாயந்திரம்லாம் வேணாங்க. காலையிலயே வாங்க.”