புளி போட்டுத் துலக்கிய ரோமாபுரி பக்கிள்

அறுபதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த சின்னப் பித்தளை வார்ப்புப் பட்டறையில் அச்சு எடுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகாத வயது. ஆவடியிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். குழாய்த் திருகு, கதவுக் கொக்கி, காவல்காரர்கள் போடும் பெல்ட்டுக்குப் பக்கிள் என்று யார் எது கேட்டாலும் வார்த்துக் கொடுப்போம். முதலாளியையும் சேர்த்து ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம்.

ஆயுத பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு ஒரு வெள்ளைக்காரர் எங்களைத் தேடி வந்தார். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்திக் கொடுக்க வந்தவர். வேலை முடிந்து ஊர் திரும்பப் போகிற சமயம். ஒரு தகர டப்பாவைத் திறந்து, பஞ்சை விலக்கிக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு ஏறிய ஒரு பெல்ட் பக்கிள். பழைய இரும்புக் கடையில் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். உற்றுப் பார்த்தால்தான் வளையத்தில் இரண்டு மீன் தலைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

எனக்கு வந்த அரைகுறை இங்கிலீஷில் கதையைக் கேட்டுக்கொண்டேன். அவருடைய அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் பள்ளம் தோண்டும்போது ஒரு பழைய சவக்குழி தென்பட்டதாம். தொல்பொருள் துறைக்காரர்கள் வந்து தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளித் திறந்திருக்கிறார்கள். ரோமாபுரி ராஜ்ஜியத்தின் கடைசிக் காலத்துப் படைவீரன் ஒருவன் படுத்திருந்தான். அவன் பெல்ட் இடுப்பில் இல்லை. யாரோ அதைக் கழற்றிச் சுருட்டிக் காலடியில் வைத்துப் புதைத்திருந்தார்கள். தோல் மக்கி, வெண்கலம் மட்டும் மிஞ்சியிருந்தது. வாரில் அடித்த தகடுகளையும் வார் நுனியில் மாட்டிய பூணையும் மியூசியம் எடுத்துக்கொண்டு, நிலத்துக்காரர் என்ற மரியாதைக்குப் பக்கிளை மட்டும் அப்பாவிடம் கொடுத்துவிட்டது. அப்பா சாகும்வரை அதை மேசைமேலேயே வைத்திருந்தாராம். இப்போது அண்ணனான இவருக்கும் ஆசை, தங்கைக்கும் ஆசை. அசலைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, அச்சு அசலாக ஒன்று செய்து தான் வைத்துக்கொள்வதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேணாம்பா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அந்தாளுக்கு யாரு பதில் சொல்றது?"

நான் சொல்கிறேன் என்றேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் நான் சொல்கிறேன் என்பேன்.

வேலை நன்றாகவே வந்தது. அசலை மணலில் பதமாகப் பதித்து அச்செடுத்து வெண்கலத்திலேயே வார்த்தேன். புதுசு தங்கமாக மின்னியது. அவருக்கு அது பிடிக்கவில்லை, அப்பா மேசைமேல் இருந்த பச்சைதான் வேண்டும் என்றார். உப்பு, வினிகர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் போடும் நவச்சாரம் எல்லாம் கலந்து தடவி, ஈர மரத்தூளில் புதைத்து வைத்தேன். பச்சை ஏறியது. அடுத்த முறை வந்தவர் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நகலைக் காட்டி இதுதானே அசல் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சை ஏறட்டும், ஒப்பிட்டுப் பார்க்க அசலும் இங்கேயே இருக்கட்டும் என்று நானாகவே கேட்டு வாங்கி, இரண்டையும் அந்தத் தகர டப்பாவிலேயே வைத்துக்கொண்டேன். விஜயதசமி காலை வந்து எடுத்துக்கொண்டு அப்படியே ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

ஆயுத பூஜையன்று முதலாளி என்னைப் பூந்தமல்லிக்குப் பூ வாங்க அனுப்பினார். கேரியரில் பூக்கூடையைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது குமணன்சாவடியில் டியூப் பஞ்சர். சைக்கிள் கடைக்காரர் கடையைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். "ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சு நைனா. நாளைக்கித்தான் எடுப்பேன்" என்றார். கெஞ்சியும் மசியவில்லை. ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு என்னையும் சைக்கிளையும் பூவையும் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்.

பட்டறைக்குள் நுழையும்போதே முதலாளி கத்தினார். கூடையைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படத்துக்குப் பூ சாற்றினார்கள். உடனே கற்பூரம் ஏற்றியாயிற்று. அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன். சாமி படத்தின் முன்னால் சிவப்புத் துணி விரித்து, அரம், சுத்தியல், கரண்டி, அளவுக் கருவிகள் எல்லாம் துலக்கி அடுக்கியிருந்தார்கள். நட்ட நடுவில் அந்தத் தகர டப்பாவின் மூடி. அதில் இரண்டு பக்கிள்கள், இரண்டுக்கும் சந்தனம் குங்குமம். ஒன்று பச்சை. இன்னொன்று பளபளவென்று ஜொலித்தது.

ஆயிரத்தைந்நூறு வருஷத்துக் களிம்பு என்று அவர் விரலால் தடவித் தடவிக் காட்டிய பச்சை. போனால் போனதுதான்.

மணல் சலிக்கிற அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். குத்தம்பாக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், பட்டறைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பூஜைக்கு எல்லாவற்றையும் துலக்கியது அவர்தான்.

"இன்னா தம்பி, அப்டியே பாத்துகினு கீற? நல்லா கீதா? டப்பாவுல ரெண்டும் களிம்பு புடிச்சிக் கெடந்துச்சி. சாமி முன்னாடி அப்டியா வெக்கறதுன்னு புளி போட்டுத் தேச்சேன். இன்னொண்ணுக்குப் புளி பத்தல. கோச்சுக்காத."

ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை இங்கே எழுத முடியாது. அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, விரலெல்லாம் புளிக்கறை, கண்ணில் அத்தனை சந்தோஷம். "நல்லா இருக்குக்கா" என்றேன்.

துலக்கியது அசலா, நகலா? அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. சொந்தக்காரரையே ஏமாற்றிய என் கைவரிசை இப்போது என்னையே ஏமாற்றியது. கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. ஒரு பொருளைப் பதித்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சற்றுச் சுருங்கும். நகல் அசலைவிட அரை நூலாவது, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்காவது குறையும். அளந்தால் போதும். ஆனால் அளக்கிற கருவி குங்குமம் வைத்துச் சாமி முன்னால் இருந்தது. பக்கிள்களும் அங்கேதான். மறுநாள் பூஜை முடியும்வரை எதையும் அசைக்கக் கூடாது. போதாக்குறைக்கு நான் வேதக்காரன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகிறவன் இவர்கள் பூஜையில் கை வைத்தான் என்று பேச்சு வந்தால் அது வேறு வம்பு.

முதலாளி காதில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் முகம் செத்துவிட்டது.

"சாமிகிட்ட வெச்சாச்சு. இனிமே அது பாத்துக்கும். நீ எதையும் தொடாத" என்று சொல்லிப் பட்டறையைப் பூட்டினார். ஆனால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியை மடியில் செருகினார்.

வீட்டுக்குப் போய் அந்தோணியாரிடம் முறையிட்டேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். என் பொருளோ தொலையவே இல்லை, கண்ணெதிரில் உட்கார்ந்திருக்கிறது. எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. வெள்ளைக்காரரின் தங்கை டப்பாவைத் திறந்து பார்த்து அழுகிற மாதிரி நினைப்பு வந்துகொண்டே இருந்தது. பூஜையில் கொடுத்த பொரியைக்கூட வாயில் போடவில்லை.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். முதலாளியும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். அன்றைக்கு மந்திரம் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது. தீபாராதனை காட்டி, "எடுத்துக்கடா" என்றார். அளவுக் கருவியை எடுத்துப் பச்சையை அளந்தேன். அடுத்து மின்னுகிறதை வைத்தேன். மின்னுகிறது அரை நூல் குறைந்தது. நம்பாமல் திரும்ப வைத்தேன். திரும்பவும் குறைந்தது. துலக்கியது நகல். அசல் பொட்டோடு பச்சையாக அப்படியே இருந்தது.

மணல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. முதலாளி எனக்கு ஒரு சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டு, அதில் பாதியை அவரே குடித்தார்.

சொன்ன நேரத்துக்கு வெள்ளைக்காரர் வந்தார். நடந்ததைச் சொல்லி, நகலுக்கு மறுபடி பச்சை ஏற்ற நேரமில்லையே என்று கையைப் பிசைந்தேன். அவர் மின்னுகிற பக்கிளை வாசல் வெயிலுக்கு எடுத்துப் போனார். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்பா ஆயுசுக்கும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அந்தப் படைவீரன் கண்ணில் இது எப்படி மின்னியிருக்கும் என்பதை அப்பா பார்த்ததே இல்லை என்றார். இப்படியே எனக்கு வேண்டும், பச்சை வேண்டாம் என்றார். குங்குமத்தைக்கூடத் துடைக்காமல் பஞ்சில் வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை அக்காவிடம் தமிழில் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப இன்னொண்ணையும் தேச்சித் தந்துடட்டா? இன்னிக்கி ஊட்லேர்ந்து புளி கொண்டாந்துகீறேன்."

முதலாளியும் நானும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அசல் இருந்த டப்பாவை மூடி வெள்ளைக்காரர் கையில் நானே திணித்தேன்.

அவருடைய கார் சந்தைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பொரியைத் தின்றேன். அசல் தப்பிய நிம்மதி அந்தப் பொரியோடு தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு பல வருஷம் அக்காவும் நானும் அதே மணல் குவியலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் கொண்டுவரும் புளிக்குழம்பில் பாதி என் தட்டுக்குத்தான் வரும். ஒவ்வொரு முறை அதைப் பிசையும்போதும், அன்று நாக்கு நுனிவரை வந்த அந்த வார்த்தை அங்கேயே நின்றதை நினைத்து எனக்கு வந்த நிம்மதி இன்றைக்கும் தீரவில்லை.