சின்னாச்சிக்குக் கிடைக்காத குளிசை

இருமல் முதலில் கூண்டு கழுவும்போதுதான் வந்தது. சீமெந்துத் தரையின் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். வாரங்கள் போயின, இருமல் போகவில்லை. மாலையில் மெல்லிய காய்ச்சல், இரவில் போர்வை நனையும் வியர்வை. ஒரு காலை, துப்பிய சளியில் இரத்தம் கண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கொக்குவிலில் ஒரு செல்வந்தர் தன் வளவுக்குள் சிறிய மிருகக்காட்சிச்சாலை வைத்திருந்தார். போர் மூண்டதும் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். பார்க்க வருவோரும் நின்றுபோயினர். மானும் மயிலும் ஒவ்வொன்றாகச் செத்தபின், பராமரிப்பாளனான என்னோடு மிஞ்சியவை இரண்டு குரங்குகள்: சின்னாச்சியும், கூண்டுக்குள்ளேயே அவள் ஈன்ற குட்டியும்.

சளிப் பரிசோதனையில் கசம் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்று தெரிந்தது. வைத்தியர் எக்ஸ்ரேயை (நெஞ்சின் உட்படம்) யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன வேலை செய்யிறியள்?”

“குரங்கு பாக்கிறன், டொக்டர்.”

படத்தைக் கீழே வைத்தார். “இனி அதுகளுக்குக் கிட்டப் போகாதேங்கோ. எங்கடை கசம் அதுகளுக்கும் தொத்தும்.”

என் மனைவி யோகம் அந்த வேலையை ஏற்றாள். வாயில் துணி கட்டிக்கொண்டு வத்தாளங்கிழங்கும் வாழைப்பழமும் கொண்டுபோவாள். ஒருநாள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

“குட்டி தின்னுது. சின்னாச்சி ஒண்டும் தொடுறாள் இல்லை. நீங்கள் வாற படலைப் பக்கமே பாத்துக்கொண்டு இருக்கிறாள். இருமுறாள்.”

மிருக வைத்தியர் சைக்கிளில் வந்தார். இரண்டுக்கும் கண்ணிமையில் ஊசி போட்டார் (தொற்று இருந்தால் இமை வீங்கும்). மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது குட்டியின் இமை அப்படியே இருந்தது. சின்னாச்சியின் கண் மூடிப்போனது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைத் தள்ளி இருத்திவைத்துக் கதைத்தார். “வெயில் இல்லை, காத்து இல்லை, ஏற ஒரு கொப்பு இல்லை. உதுக்குள்ளை நோய் வராட்டித்தான் புதினம். குட்டியை இண்டைக்கே பிரிக்கவேணும்.”

“சின்னாச்சிக்கு மருந்து இல்லையோ?”

“உங்கடை மருந்துதான் அவளுக்கும். சனத்துக்கே தட்டுப்பாடு, குரங்குக்கு ஆர் தருவினம்? இழுத்துக்கொண்டு கிடக்க விடாமல் முடிச்சுவிடுறதுதான் நல்லது.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் என் வைத்தியரிடம் கேட்டேன். என் குளிசையில் (மாத்திரை) பாதியை அவளுக்குக் கொடுத்தால் என்ன? அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.

“பாதிக் குளிசை ரெண்டு பேரையும் கொல்லும். கிருமி மருந்துக்குப் பழகிப்போம். பிறகு உங்களுக்கும் தர என்னட்டை ஒண்டும் இல்லை.”

சின்னாச்சியை முடித்துவிடச் சம்மதித்தேன். அந்த ஊசி போட்ட நாளில் நான் வளவுக்கு வெளியே ஒழுங்கையில் நின்றேன். உள்ளே பிரித்து வைத்திருந்த குட்டி கத்திய சத்தம் மட்டும் கேட்டது. யோகம் வெளியே வந்து சொன்னாள்: “நீங்கள் உடுத்த பழைய சறத்தை உள்ளை போட்டனான். அதை இழுத்து மடியிலை வைச்சுக்கொண்டுதான் சரிஞ்சவள்.”

நோயை நான் அவளுக்குக் கொடுத்தேனா, அவள் எனக்குக் கொடுத்தாளா என்று கேட்டேன். அதைச் சொல்ல எந்தச் சோதனையும் இல்லை என்றார் மிருக வைத்தியர்.

அடுத்த காலை குளிசை தொண்டையில் நின்றது. யோகம் தண்ணீரோடு எதிரே இருந்தாள். விழுங்கினேன்.

இந்த நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு: குளிசையை நிறுத்தாதீர்கள். இருமல் நின்று, பசி வந்து, உடம்பு தேறிய பிறகும் நிறுத்தாதீர்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம். பயப்பட வேண்டாம். தேறிவருவது சந்தோசமாக இருக்கும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். கன்னத்தில் சதை பிடித்ததைப் பார்த்து ஊரார் மகிழ்ந்தபோது, கண்ணாடி பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் சளியில் கிருமி இல்லை என்றானதும் குட்டியை இணுவிலில் எங்கள் வளவுக்குக் கொண்டுவந்தோம். ஒரு கொய்யா மரத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்தேன். குட்டி மரத்தில் ஏறவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் தரைதான். மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தது.

மருந்து முடிந்து நெடுங்காலமாகியும், விடிந்ததும் என் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும். நெஞ்சுக்குள் காற்று போய்வருவது தெரிகிறது. முன்பு அது தெரியாமலே வாழ்ந்தேன்.

ஒருநாள் குட்டி வலைக்குள்ளால் கையை நீட்டி என் சேட்டு (சட்டை) விளிம்பைப் பற்றியது. என்னால் யாருக்கும் தொற்றாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இருந்தும் முகத்தைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டேன். நெஞ்சு நோகத் தொடங்கியது. அது கையை எடுக்கும்வரை அப்படியே நின்றேன்.