சுண்ணாம்புக்கு அடியில் இருந்த பெயர்

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் சுண்ணாம்பு கரைப்போம். செஞ்சியில் எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் அந்த வாரத்தில்தான் தங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கும். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கல், என் கொள்ளுத்தாத்தாவின் கல். அவருக்குப் பின்னால் செத்தவர்களுக்கெல்லாம் மண்மேடுதான். இரண்டு மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிடும்.

அந்தக் கல்லுக்கு முதலில் வெள்ளையடித்தது என் தாத்தா. அவருக்குப் பிறகு அவர் மகன், என் நைனா. தென்னை மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ்ஷால் வருஷம் தவறாமல் அடித்து அடித்து, எழுத்து இருந்த இடமெல்லாம் சுண்ணாம்பு அடைந்து மேடாகிவிட்டது. அதில் யாருக்கும் குறையில்லை. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இருந்ததில்லை. முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் தாலுகா ஆபீஸில் பத்திரங்களுக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அது அரிசி கிடைக்காமல் ரேஷன் கோதுமையை வேகவைத்துத் தின்ற வருஷம். நைனாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, கொல்லைக்குப் போய் வேர்க்கடலைக்குக் களையெடுக்க முடியாமல் போயிருந்தது. தனக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அவருக்கே தெரியும். கோயில் சாமியாரிடம் போய்ச் சொல்லியும் வைத்திருந்தார்.

"என்ன எங்க தாத்தா கால்மாட்டுல வெக்கணும் சாமி. வேற ஒண்ணும் கேக்கல."

கல்லின் கால்மாட்டில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் காலியாக இருந்தது. நைனா அதை அடியால் அளந்தே வைத்திருந்தார். அங்கே வேறு யாரையும் புதைக்கக் கூடாது என்று ஊருக்கே தெரியும்.

அவர் கண்ணை மூடுவதற்குள் அந்தக் கல்லில் அவர் தாத்தாவின் பெயரைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சுண்ணாம்பைச் சுரண்டி, எழுத்துக்குக் கறுப்பு மை தீட்டிவிடலாம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பழைய கத்தியை எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு மத்தியானம் போனேன். சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகக் கழன்று வந்தது. முதலில் ஒரு சிலுவை. அதற்குக் கீழே ஒரு பெயர்.

அது ஒரு பெண்ணின் பெயர். வயது பதினாலு என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே அவள் தகப்பன் பெயர். எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லாத பெயர்.

ராஜகிரிக் கோட்டை மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. தூறல் விழும்வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாமியாரிடம் போனேன். பழைய ஞானஸ்நானப் புத்தகத்தையும் சாவுப் புத்தகத்தையும் எடுத்து வைத்தார். லத்தீனில் இருந்ததை விரலை வைத்துப் படித்துச் சொன்னார். பஞ்ச வருஷம். ஒரே நாளில் பன்னிரண்டு பேருக்கு ஞானஸ்நானம். அதில் என் கொள்ளுத்தாத்தா, அவர் மனைவி, ஒரு பையன். சாவுப் புத்தகத்தில் மூன்றாம் மாசமே மனைவியின் பெயர். அடுத்த பக்கத்தில் அவர் பெயர். புதைத்த இடம், ஏரி வேலை நடந்த இடம்.

"எந்த ஏரி சாமி?"

"அது எழுதலையே தம்பி. கஞ்சிக்காக மண்ணு சுமக்கப் போயிருப்பாரு. விழுந்த எடத்துலயே மூடிட்டிருப்பாங்க."

கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர் என்று நைனா எங்களிடம் பெருமை பேசிய மனிதர் அவர்தான். அந்தப் பையன் என் தாத்தா. தகப்பன் எங்கே என்று கேட்டு வளர்ந்திருப்பார். யாராவது ஒரு கல்லைக் காட்டியிருக்கலாம். யாரும் காட்டாமலே, அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அவராகவே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

வெள்ளையடிக்கிற நாளும் வந்தது. நைனா வாளியோடு முன்னால் நடந்தார். பின்னால் சித்தப்பா மெழுகுவர்த்திக் கட்டோடு வந்தார்.

"இன்னாடா இது, தோலுரிச்ச ஆடு மாதிரி நிக்குது?" என்றார் சித்தப்பா. "படிச்சவன் கையில கத்தி கெடச்சா இப்டிதான்."

நைனா வாளியைக் கீழே வைத்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"எழுத்து தெரியுதுடா! படி. எங்க தாத்தா பேர படி."

எந்தப் பெயரையும் நான் படித்திருக்கலாம். மாற்றிப் படித்தால் கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லை. ஆனால் நகல் எழுதுகிறவனுக்கு மூலத்தில் இருப்பதுதான் சத்தியம் என்று பழகியிருந்தேன். இருந்ததை இருந்தபடியே படித்தேன்.

"பொண்ணா?"

"ஆமா நைனா. பதினாலு வயசு."

"அப்ப எங்க தாத்தா எங்கடா?"

"ஏதோ ஒரு ஏரியில. எந்த ஏரின்னு எழுதல."

"புக்குல தப்பா எழுதியிருப்பான்! நீ உட்டுத் தள்ளுண்ணா," என்றார் சித்தப்பா.

நைனா வாளிப்பக்கம் குனிந்தார். பிரஷ்ஷை நனைத்துக் கல்லுக்கு வெள்ளையடித்தார். எழுத்தின் மேல் ஒரு சொட்டுப் படாமல் சுற்றிச் சுற்றியே அடித்தார். திரும்பும்போது, அளந்து வைத்திருந்த அந்த இடத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தார். அதுவரை அதன் மேல்தான் நின்று ஜெபம் சொல்வார்.

மாசி மாசம் படுத்துவிட்டார். ஒருநாள் காலையில் சித்தப்பா பேச்சை எடுத்தார். "நீ நாப்பது வருஷம் சுண்ணாம்பு அடிச்ச கல்லுண்ணா. அங்கதான் உன்ன வெப்போம். எவன் கேக்கப்போறான்?"

"வேணாம்டா. ஊரார் வீட்டுப் பொண்ணு. அதோட ஆளுங்க என்னைக்கினா வந்தா இன்னா நெனப்பாங்க?"

"நூறு வருஷமா வராதவனுங்க இனிமேலா வரப்போறானுங்க?"

"நாம வரலியா?" என்றார் நைனா. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பங்குனியில் போய்ச் சேர்ந்தார். முள்வேலி ஓரமாகக் கடைசி வரிசையில் புதைத்தோம். வெயிலில் மண் இறுகிக் கிடந்தது. குழி தோண்டி முடிக்கவே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அந்தக் காலி இடத்தில் ஆடி மாசம் வேறொரு வீட்டுக்காரர்கள் தங்கள் கிழவரைப் புதைத்தார்கள். தடுத்துச் சொல்ல எங்களுக்கு வாயில்லை.

அடுத்த கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பை நான்தான் கரைத்தேன். மழையில் கரைந்திருந்த நைனாவின் மேட்டுக்கு மண் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் கல்லுக்குப் போனேன். எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றி அடித்தேன். சித்தப்பா மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நின்றார்.

"அன்னைக்கி ஒரு பேர மாத்திப் படிச்சிருந்தா உனக்கு இன்னாடா கொறஞ்சிருக்கும்?"

நான் வாளியில் பிரஷ்ஷை நனைத்தேன். சித்தப்பா மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம், நைனாவின் மேட்டுக்குப் போனார்.