ஆறாம் போர்ட்டில் அன்ரன்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுப் பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கொடி ஒரு வெளிர்நீலத் தட்டைக் கணினி வயர். நேற்று அதில் சாரத்தை விரிக்கும்போதுதான், நுனியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் முளையைக் கண்டேன். கணினிக்காரன் வீட்டுக் கொடி வேறு எப்படி இருக்கும் என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அன்ரனின் ஞாபகம் வந்துவிட்டது.

யுத்தக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன இணையக் கம்பனியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். மேல்மாடி அறையில் திரையில்லாத கணினிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலிருந்தும் இப்படி ஒரு நீல வயர் புறப்பட்டு ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போகும். பெட்டியில் வயர் செருகும் ஒவ்வொரு துளைக்கும், அதாவது போர்ட்டுக்கும், ஒரு இலக்கம். பெட்டிக்குத் தனியாக ஒரு டெலிபோன் லைன். வீட்டிலிருந்து மோடத்தால் அதைக் கூப்பிட்டு, ‘கனெக்ட்’ என்று அடித்து ஆறு போட்டால், ஆறாம் போர்ட்டில் இருக்கும் மெயில் கணினிக்குள் நேரே போகலாம். படம் கிடையாது, வெறும் எழுத்துத்தான். ஒபிஸில் இருந்தாலும், திரையுள்ள மேசைக் கணினியிலிருந்து இதே பெட்டி வழியாகத்தான் போவோம். ஒபிஸுக்குக் காலி வீதியால் நான் போனால், ஆமி மறிக்கும் சென்றிக்குச் சென்றி அடையாள அட்டையை நீட்டவேண்டும். நான் அடித்த எழுத்தை ஒருவரும் மறிக்கவில்லை. சாரத்தோடு கதிரையில் இருந்துகொண்டே கொட்டாஞ்சேனைக்குப் போய்வருவது எனக்குக் கடைசிவரை அதிசயமாகத்தான் இருந்தது.

அன்ரனுக்கு ஒரு பழக்கம். எந்தக் கணினியைத் தொட்டாலும் முதலில் என்டரை மூன்று தரம் தட்டுவான். திரையில் மூன்று வெறும் வரிகள் விழும். ஒரு தரம் போதுமேடா என்று நக்கலடிப்பேன்.

“தட்டாம ஆரின்ர வீட்டுக்குள்ளயும் போறேல்ல, மச்சான்” என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெயில் கணினி படுத்துவிட்டதென்று அன்ரன் ஒபிஸுக்குப் போயிருந்தான். அவன் மனைவி ரீற்றா வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனையில் ஆமியின் சுற்றிவளைப்பு. ஒபிஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ரீற்றா எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“அண்ணா, அவர் அங்க இருக்கிறாரா எண்டு உங்கட பெட்டியில பாக்க ஏலாதா?”

அந்தப் பெட்டியிடம் அதுவரை யாரும் மனிதரை விசாரித்ததில்லை. கூப்பிட்டு, உள்ளே யார் யார் என்று காட்டும் கட்டளையை அடித்தேன். ஒரே வரி வந்தது. ஆறாம் போர்ட், அன்ரன். பக்கத்தில், அவன் கடைசியாக விசையைத் தொட்டு எவ்வளவு நேரம் என்ற கணக்கு. பார்க்கப் பார்க்க அது கூடியது. வேலை முடிந்தால் இணைப்பை வெட்டிவிட்டுத்தான் நாங்கள் எழும்புவது. இவன் வெட்டவில்லை. அவன் தானாக எழும்பவில்லை, யாரோ எழுப்பியிருக்கிறார்கள் என்று விளங்கியது.

எழுதாமல் எட்டிப் பார்க்க மட்டும் ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தேன். அன்ரன் பாதியில் விட்ட ஒரு வரி, அதன் நுனியில் மினுங்கும் கோடு.

“ஏதாவது எழுதி அனுப்புங்களேன்” என்றாள் ரீற்றா.

“வேண்டாம். திரைக்கு முன்னால ஆமி நிண்டா, எழுத்து தானா ஓடுறதைப் பாத்து என்ன நினைப்பான்? பிறகு அன்ரனுக்குத்தான் கரைச்சல்.”

இரண்டு பேரும் அந்த மினுங்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

திடீரென்று பாதி வரி ஒவ்வொரு எழுத்தாக அழியத் தொடங்கியது. யாரோ தொடுகிறார்கள். யார்? ரீற்றா என் தோளைப் பிடித்தாள். வரி முழுதும் அழிந்தது. பிறகு ஒரு வெறும் வரி விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

“அவன்தான்” என்றேன்.

“எப்பிடித் தெரியும்?”

திரையில் அந்த மூன்று வெறும் வரிகளையும் விரலால் எண்ணிக் காட்டினேன். எல்லாரையும் றோட்டில் நிறுத்தி, அட்டை பார்த்த பிறகு போகவிட்டார்களாம். பின்னேரம் அவனே வந்து சொன்னான்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை, தொடர்மாடி எழும்பிவிட்டது. பெட்டி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. ரீற்றாவும் அன்ரனும் கனடாவுக்குப் போனார்கள். போன வருசம் அங்கே அன்ரன் செத்துப்போனான். என் போனில் மெசேஜ் அனுப்பும் இடத்தில் அவன் பெயருக்குக் கீழே, கடைசியாக எப்போது வந்தான் என்று இன்னும் காட்டுகிறது. நேற்றுச் சாரம் காயும்வரை அதைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று வெறும் வரி விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.