பல் டாக்டர் ஒருத்தி ஒத்தக்கடைக்குப் படிப்பு விசாரிக்கப் போன கதை

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, க்ளினிக்கில் லீவு சொல்லிவிட்டு ஒத்தக்கடைப் பக்கம் போய்வந்தேன். பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கலாமா என்று என்னைப் போல யோசிக்கும் பல் மருத்துவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

காளவாசலில் இன்னொரு டாக்டரின் க்ளினிக்கில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கிராமங்களிலிருந்து வரும் சிலர் வாயைத் திறந்ததுமே என் கை நின்றுவிடும். புகையிலையால் வந்த புற்று, முற்றிய நிலையில். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். நான்தான் முன்னாலேயே இவர்களிடம் போயிருக்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் முடியாது. வீட்டிலோ வேறு திட்டம். பசுமலையில் எனக்குச் சொந்த க்ளினிக் வைக்க, கணவர் சரவணன் இடமே பார்த்துவிட்டார்.

காலை எட்டரைக்கு பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் மேலூர் ரோட்டு பஸ் மாறினேன். தூரம் அதிகமில்லை, ஆனாலும் கோரிப்பாளையம் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. (சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்.) ஒத்தக்கடையிலிருந்து, அந்தப் படிப்பு இருக்கும் கல்லூரிக்கு ஆட்டோ.

"பிள்ளையச் சேக்கவாம்மா?" என்றார் டிரைவர்.

"எனக்குத்தாண்ணே."

கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "படிங்க, படிங்க."

இரண்டு வருடம், முழுநேரம், வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது என்றார் துறைப் பேராசிரியை. என் முகம் வாடியதைப் பார்த்திருப்பார். "பிள்ளைக இப்ப ஊருக்குள்ள முகாமுக்குக் கெளம்புறாங்க. கூடப் போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். சமுதாயக்கூடத்தில் மாணவர்கள் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். களையெடுப்பு முடிந்து வந்திருந்த பாண்டியம்மாள் அக்கா, வெற்றிலை புகையிலையைத் துப்பிவிட்டு வரிசையில் நின்றார். வாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு, விட்டால் புற்றாக மாறக்கூடியது. இந்த நிலையில் யாரும் எங்கள் க்ளினிக் படியேறி வந்ததே இல்லை.

"வலிக்குதாக்கா?"

"வலியே இல்லயே தாயி. வலிச்சாத்தான ஆஸ்பத்திரிக்குப் போகணும்?"

"வலிக்கிறதுக்கு முன்னாடி பாத்துட்டா சரி பண்ணிரலாம்க்கா. பொயலைய விடணும். ஒரு டெஸ்ட்டும் எடுத்துரணும்."

"அம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில எங்கிட்டுன்னு போயி நிக்க?"

"நானும் வாரேன்" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

திரும்பும்போது ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் சரவணனின் போன். "எடத்துக்காரர் நிக்கிறாரு கவி. என்ன சொல்ல?"

"வேற ஆளுக்கு விட்ரச் சொல்லுங்க."

"ரெண்டு வருசம் படிச்சு? பெறகு?"

"தெரியலங்க. ஆனா இந்த வேலைதான் வேணும்."

"சரி, பஸ் ஏறு. வீட்டுல வச்சுப் பேசுவோம்."

இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பசுமலை இடம் வேறு யாருக்கோ போய்விட்டது, அவருக்கு வருத்தம்தான். நான் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். பாண்டியம்மாள் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புற்று இல்லை. புகையிலையைக் குறைத்திருக்கிறார், விடவில்லை.

போகிறவர்கள் முதலிலேயே போன் செய்து, மாணவர்கள் ஊருக்குள் போகும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். போய்வந்த பிறகு பழைய நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது கஷ்டமாக இருக்கும். அதற்கும் தயாராகப் போங்கள்.