எஸ்தரம்மா வாங்கிக்கொண்ட ஏச்சு

எஸ்தரம்மா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கட்டிங் மேசையில் நின்றுகொண்டிருந்தேன். அறுபது மடிப்புத் துணி விரித்துக் கிடந்தது, மெஷின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. போனில் என் மனைவி சரசு. "ஏனுங்க, எஸ்தரக்கா போயிட்டாங்களாமுங்க. பெரியாஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் சொன்னாங்க" என்றாள். மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், நாளைக்கு ஷிப்மென்ட்டுங்க" என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன். சுமதி என் ஒரே மகள். இருபத்தேழு வயது ஆகிறது, பேச்சும் புத்தியும் ஐந்து வயதோடு நின்றுவிட்டன. "எஸ்தரம்மா செத்துப்போயிட்டாங்க கண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்ப நாளைக்குக் கம்பெனி லீவுங்களாப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து அவளை அதட்டினேன். பிறகு கொல்லைப்புறம் போய் அழுதேன்.

திருப்பூர் நல்லூரில் எஸ்தரம்மா நடத்திய கொட்டகைக்குச் சுமதி மாதிரிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் நீங்கள். முப்பதாம் நாள் ஜெபத்தில் கொடுக்கும் நினைவு மலருக்கு, "நாலு புஸ்தகம் படிச்சவரு நீங்கதானுங்க" என்று என் தலையில் கட்டினீர்கள். அவரைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதுவது பெரிய காரியமில்லை. ஆனால் அவர் மேல் ஒரு பழி இருக்கிறது. கொட்டகைக்கு வந்துகொண்டிருந்த பாலு செத்தது எஸ்தரம்மாவின் அலட்சியத்தால் என்று உங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்புகிறீர்கள். அது பொய். பொய் என்று அவர் சாகும்வரை தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவரைப் புதைத்தாயிற்று. இதைச் சொன்னபிறகு என்னைக் கொட்டகைக்குள் விடுவீர்களா, சுமதிக்கு அங்கே இடமிருக்குமா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் அவர் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கணவர் விட்டுப் போனாரா, இவர் விட்டு வந்தாரா என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சரசுவுக்கு ஏதோ கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். உள்ளே சுமதி கட்டில் காலோடு கட்டப்பட்டிருந்தாள்.

ஆமாம், கட்டித்தான் போட்டிருந்தோம். இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போனால்தான் அடுப்பெரியும். அவிழ்த்துவிட்டால் ரோட்டுக்குப் போய்விடுவாள். பனியன் கழுத்துக்குப் போடும் ரிப் துணியை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, மடித்துத் தைத்து, இடுப்பில் போட்டிருந்தேன். இழுத்தால் நீளும், தோலில் தடம் விழாது. இத்தனை வருஷம் துணி வெட்டுகிறவனுக்கு அதற்கு எந்தத் துணி தோதுப்படும் என்று தெரியாதா? என் தொழில் திறமையைப் பெற்ற மகளிடமே காட்டியிருந்தேன்.

மத்தியானம் நேராக என் மேசைக்கு வந்தார். "அண்ணாச்சி, நல்லாத்தான் கட்டியிருக்கிய. தடமே தெரியல. அடுத்த மாசம் ஒரு கொட்டகை எடுக்கேன். பிள்ளைய அங்க அனுப்புங்க" என்றார். நூறு பேர் பார்க்க நான் கத்தினேன். "எங்க ஊட்டுச் சமாச்சாரம் உங்களுக்கு எதுக்குங்க?" என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சத்தம் போடுங்க. போட்டு முடிச்சிட்டு அனுப்புங்க" என்றார். அடுத்த மாதம் அனுப்பினேன்.

நிட்டிங் மெஷின்களை விற்றுவிட்டுக் காலியாகக் கிடந்த தகரக் கொட்டகை அது. நாலு பிள்ளைகளோடு ஆரம்பித்தார். பள்ளி, இல்லம், காப்பகம் என்று எந்தப் பெயரும் வைக்க விடவில்லை. இந்த ஊரில் எல்லோரும் காலையில் கம்பெனிக்குத்தான் போகிறார்கள், இவர்களும் கம்பெனிக்கே போகட்டும் என்றார். எட்டரை மணிக்குச் சோற்றுத் தூக்குப்போசியோடு வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டன் போடவும் கக்கூஸ் போகவும் பழக்கம். பெரியவர்களுக்குப் பிசிர் வெட்டும் வேலை. தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி எடுப்பதுதான் பிசிர் வெட்டுவது. சுமதிக்குக் கத்திரிக்கோல் பிடிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. பிஸ்கட் பாக்கெட்டும் கேமராவுமாக ஒரு கூட்டம் வந்தபோது, "போட்டோ பெறகு எடுத்துக்கிடலாம். இப்ப எங்க ஆளுக வேலையில இருக்காக" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை உண்டா என்று அவரைக் கேட்காத ஆள் கிடையாது. "இருந்தாத்தான் செய்யணுமா?" என்று திருப்பிக் கேட்பார்.

இனிப் பாலுவின் கதை. மயிலாத்தாளின் ஒரே பையன், இருபத்திரண்டு வயது, பேச்சு வராது. மயிலாத்தாள் காங்கேயம் ரோட்டில் ஒரு தேங்காய்க் களத்தில் கூலி வேலை பார்ப்பவர், கணவர் இல்லை. பாலு மாதிரி சொல்லாமல் எங்காவது நடந்துபோய்விடுகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்ததால், பனியன் முதுகில் கொட்டகையின் போன் நம்பரை அச்சடித்துப் போடலாம் என்று எஸ்தரம்மா சொன்னார். நாற்பது பீஸ் போதும் என்றார். ஏற்பாடு செய்தது நான். எங்கள் கம்பெனியில் ஆர்டர் கேன்சலான லாட் ஒன்று அறுநூறு பீஸ் கிடந்தது. பிரிண்டிங் பட்டறைக்காரர் தெரிந்தவர், சும்மாவே அடித்துத் தருகிறேன் என்றார். ஸ்கிரீன் போட்ட பிறகு நாற்பதோடு நிறுத்த இந்த ஊர்க்காரன் எவனுக்காவது மனசு வருமா? அறுநூறையும் அடித்துக்கொண்டு வந்து இறக்கினேன். எஸ்தரம்மா பார்த்துவிட்டு, "இத்தனை எதுக்கு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

மீதியை நாம் எல்லோரும்தான் பங்கு போட்டுக்கொண்டோம். உங்கள் அண்ணன் போட்டார், என் மச்சினன் போட்டான், வாட்ச்மேன் போட்டார், டீக்கடையில் போட்டார்கள். முதுகில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பூரில் துணி துணிதான். அப்புறம் போன் வர ஆரம்பித்தது. உங்கள் நம்பர் போட்ட ஆள் பிராந்திக்கடை முன்னால் விழுந்து கிடக்கிறார் என்று ஒருத்தர். உங்கள் நம்பர் போட்ட ஆள் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இன்னொருத்தர். எஸ்தரம்மா ஒவ்வொரு போனுக்கும் ஆள் எப்படி இருக்கிறார், செருப்பு போட்டிருக்கிறாரா, கூப்பிட்டால் பேசுகிறாரா என்று பொறுமையாக விசாரிப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கரண்ட் கட்டால் கம்பெனிக்கு லீவு விட்ட ஒருநாள் நான் கொட்டகையில் இருந்தேன். உள்ளே ஒரு சிறுமிக்கு வலிப்பு வந்து எஸ்தரம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பண்டல் இறக்க ஆட்டோ வந்து போயிருந்தது. கேட்டைச் சாத்தாமல் விட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. போன் அடித்தது, நான் எடுத்தேன்.

"ஏனுங்க, உங்க நம்பர் போட்ட பனியனோட ஒருத்தரு வேகாத வெயில்ல காங்கேயம் ரோட்டுல போறாருங்க. கால்ல செருப்பில்லீங்க. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாருங்க" என்றார் ஒரு டீக்கடைக்காரர்.

"அந்தப் பனியன் ஊருல ஐந்நூறு பேரு போட்டிருக்கான். போறவன் போகட்டும், நீங்க உங்க யாவாரத்தைப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இதுதான் நான் செய்தது. போனை எடுத்தவன் நான். எஸ்தரம்மா இல்லை.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது பாலுவின் தட்டு மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. போனில் சொன்ன ஆள் அவன்தான் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எஸ்தரம்மா, "பஸ் ஸ்டாண்டு பக்கம் பாப்போம், ஓடுங்க" என்றார். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. எதிர்த்திசையில் இருக்கிறான் என்று தெரிந்தும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் போன் வந்ததை எஸ்தரம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே ஆட்டோவில் ஏறினார்.

ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, சுற்றுச்சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறு. சாயப்பட்டறைத் தண்ணீர் ஊறிப் பாழாகி, யாரும் இறைக்காமல் விட்டது. தாகத்துக்கு இறங்கினானோ என்னவோ. பொழுது சாய்வதற்குள் தீயணைப்புக்காரர்கள் உடலை எடுத்துவிட்டார்கள். அவன் அம்மா தினமும் பஸ் ஏறிப் போகிற ரோடு அது. அம்மாவைத் தேடித்தான் நடந்திருக்கிறான்.

மயிலாத்தாளின் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்பதை உங்களில் பலர் பார்த்தீர்கள். "போன் வந்துச்சும்மா. நாந்தான் எடுத்தேன். வேற யாரோன்னு நெனச்சு வச்சிட்டேன்" என்றார் எஸ்தரம்மா. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மயிலாத்தாள் மண்ணை வாரி அவர் முகத்தில் அடித்தார். "என்ற பையனைத் தின்னுட்டியேடி, நீ நாசமாப் போயிருவடி" என்று கத்தினார். கண்ணில் விழுந்த மண்ணைக்கூடத் துடைக்காமல் எஸ்தரம்மா அப்படியே நின்றார். நான் மரம் மாதிரி நின்றேன். ஆம்பிளை என்று மீசை வேறு வைத்திருக்கிறேன்.

மறுநாள் கொட்டகைக்குப் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "உங்க பேரு கெட்டா நீங்க இந்த வாசலுக்கு வர மாட்டிய அண்ணாச்சி. சுமதியையும் அனுப்ப மாட்டிய. மறுபடி வீட்டுல போட்டுக் கட்டிருவிய. நா ஏச்சு வாங்கினாப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராது." நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "சொல்லணும்னு தோணிச்சுன்னா நீங்களே போயிச் சொல்லுங்க. நா தடுக்கல" என்றார்.

அவர் தடுக்கவில்லை. மூன்று வருஷம் நான்தான் போகவில்லை.

அந்த மூன்று வருஷமும் அவர் பட்டதை நீங்கள் அறிவீர்கள். ஆறு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஆறு பேரும் பழையபடி பூட்டிய வீட்டுக்குள் போனார்கள். எஸ்தரம்மா சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிய பிறகு அந்த ஆறு வாசலுக்கும் போய் நிற்பார். நாய் மாதிரி விரட்டினீர்கள். கோபப்படாதீர்கள், விரட்டினீர்கள், நான் பார்த்தேன். இரண்டு பேரைத் திரும்பக் கூட்டி வந்தார். நாலு பேர் வரவேயில்லை, அதில் ஒரு பெண் இப்போது நடப்பதையே மறந்துவிட்டாள். அந்தப் பெண் மறந்ததும் என் கணக்கில்தான் வரும். எஸ்தரம்மாவுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வைத்தது. வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னால், "நா படுத்துட்டா இவுகள யாரு பாப்பா?" என்பார். கடைசியில் சேர்ந்தபோது காலை எடுத்தும் பலனில்லை.

அடக்கத்துக்கு மயிலாத்தாள் வரவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் தேங்காய்க் களத்துக்குப் போனேன். தேங்காய் உடைத்து வெயிலில் பரப்பியிருந்தார்கள். அவர் கவிழ்ந்து கிடந்த மூடிகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க மாஸ்டர், என்ன இந்தப் பக்கமுங்க?" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, நான் பேசியது, எதிர்ப்பக்கம் ஓடியது, அந்த ஒரு மணி நேரம், ஒன்று விடாமல் சொன்னேன். காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார்.

கையில் இருந்த மூடியைக் கீழே வைத்தார். அப்புறம், "அவிய செத்துட்டாங்கன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க" என்றார். "அன்னிக்குத்தான் ரெண்டு வாய் சோறு நெம்ப நாளைக்கப்புறம் உள்ள எறங்குச்சு. எழவுக்கும் வரலீங்க. மூணு வருசமா விடிஞ்சா எந்திரிச்சு அவியளத்தானுங்க வஞ்சு சாபம் உட்டுட்டு இருந்தேன்." என் முகத்தை நேராகப் பார்த்தார். "இதைச் சொல்றதுக்கு அவிய சாவோணுமுங்களா?"

 அவர் குனிந்து அடுத்த மூடியைத் திருப்பினார். நான் வந்துவிட்டேன்.

எஸ்தரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று எழுத வேண்டும் என்றீர்கள். அவருடைய பொறுமை எனக்கு வராது, அன்பும் அந்த அளவுக்குக் கிடையாது, அதையெல்லாம் எடுத்துக்கொண்டேன் என்று எழுதினால் பொய். மூன்று வருஷம் அவர் வாங்கிய ஏச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது முதலிலிருந்தே என்னுடையது. அவர் போனதிலிருந்து கொட்டகையைத் தினமும் எட்டரைக்கு நான்தான் திறந்துகொண்டிருக்கிறேன். அங்கே வந்து என் முகத்துக்கு நேராகத் திட்டுங்கள். திட்டிவிட்டுப் பிள்ளையை உள்ளே விட்டுப் போங்கள்.