ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை

என் மகள் இரண்டாவது முறையாக நீட் எழுதத் தயாரான வருஷத்தில், நான் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை பார்ப்பேன். அவள் வகுப்புக்குக் கிளம்பிப் போன பிறகு, பஸ் ஏறியிருப்பாளா, ஏறியிருந்தால் உட்கார இடம் கிடைத்திருக்குமா, உட்கார்ந்தால் தூங்கிப்போய் நிறுத்தத்தை விட்டுவிடுவாளா என்று வரிசையாக ஓடும். கவலைப்படுவதில் எனக்குக் குறையே இல்லை. படிப்பில்தான் குறை. குடியாத்தம் பக்கத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தேன். அதோடு நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி, தெலுங்கும் உருதும் பேசுகிற ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். வீட்டிலேயே ரவிக்கைக்கு ஹூக் கட்டுவது, புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது என் வேலை. கடைப் பலகைகளையும் பஸ் பலகைகளையும் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும். அவ்வளவுதான்.

முதல் தடவை அவளைக் கீழே இழுத்தது கெமிஸ்ட்ரி. மற்ற இரண்டிலும் நல்ல மார்க். இதில் மட்டும் தெரிந்த கேள்விக்கே தப்பான விடை போட்டு, மைனஸ் வாங்கி வந்தாள். இங்கே இப்படி மறுபடி எழுதுகிற பிள்ளைகளின் வகுப்புக்கு லாங் டெர்ம் என்று பெயர். அதில் சேர்ந்தாள். "இந்த ஒரு தடவைதான் மா. இதுலயும் வரலைன்னா விட்டுடுவேன்" என்று சேரும்போதே சொல்லிவிட்டாள். அந்த 'விட்டுடுவேன்' வருஷம் முழுக்க என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அவளே சின்னச் சின்ன அட்டைகள் வெட்டி எழுதி வைத்திருந்தாள். ஒரு பக்கம் குறியீடு, மறுபக்கம் பெயர். யாராவது வாசித்துக் கேட்டால்தான் அவளுக்கு மனதில் நிற்குமாம். அவள் அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிஷம் குறட்டை. ஒரு சாயங்காலம் நான் ஹூக் கட்டிக்கொண்டிருந்தபோது அட்டைக் கட்டை என் மடியில் வைத்தாள்.

"நீ வாசி மா."

"எனக்கு இன்னாடி தெரியும்?"

"ஏ பி சி டி தெரியும்ல? ஒவ்வொரு எழுத்தா சொல்லு. நான் பேரைச் சொன்னதும் பின்னாடி பாரு. தப்புன்னா தனியா வை. ஆன்சர் மட்டும் சொல்லாத."

ஊசியை ரவிக்கையிலேயே குத்தி வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

"சி ஓ."

"கார்பன் மோனாக்சைட்."

திருப்பிப் பார்த்தேன். பின்னால் இருந்த வார்த்தை 'சி'யில் ஆரம்பித்தாலும் கார்பன் மாதிரி இல்லை. தனியாக வைத்தேன்.

"எச் எஃப்."

அவள் ஏதோ ஆசிட் என்றாள். பின்னால் ஆசிடும் இல்லை, ஒன்றும் இல்லை. அதையும் தனியாக வைத்தேன். அப்படியே ஏழெட்டு. தப்பு அட்டைகள் ஏற ஏற அவள் குரல் இறங்கியது. கடைசியில் ஒரு நீளமான அட்டை வந்தது.

"சி ஓ, கீழ ஒரு ரெண்டு, பிராக்கெட், சி ஓ, பிராக்கெட், கீழ ஒரு எட்டு."

"கார்பன் மோனாக்சைடுக்குள்ள கார்பன் மோனாக்சைடா? அப்படி ஒண்ணு இல்லவே இல்ல மா."

"நீதானடி எழுதின?"

அவள் அட்டைகளை என் கையிலிருந்து பிடுங்கித் தரையில் வீசினாள். "நக்கோ, எனக்கு வேணாம். என் மண்டையில எதுவும் இல்ல. நாளைக்கே போய் டிகிரில சேர்ந்துக்கறேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

சத்தத்தில் அவள் அப்பா கண்ணைத் திறந்தார். "அரே, கைக்கு? எதுக்கு அழுவுது?"

நாளைக்கு அந்த வகுப்புக்கு அவள் போகமாட்டாள் என்றே என் மனது முடிவு கட்டிவிட்டது. தரையில் உட்கார்ந்து அட்டைகளைப் பொறுக்கினேன். முதலில் தப்பான அட்டை கையில் வந்தது. இத்தனை அழுகைக்குக் காரணமான அந்தச் சரியான விடைதான் என்ன என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். கோ... பால்...

"இதுல யாருடி கோபால்?"

"எந்த கோபாலு?" என்றார் அவள் அப்பா. "நம்ம ஸ்டோர்ஸ் கோபாலா?"

மகள் எழுந்து வந்து அட்டையை வாங்கினாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"மா. இது கோபால்ட். இதுல ஓ சின்னது."

"சின்னதா இருந்தா இன்னா? ஓ ஓதானே."

அவள் அட்டையைக் காட்டி விளக்கினாள். இரண்டு எழுத்தும் பெரிதாக இருந்தால் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த விஷ வாயு. இரண்டாவது எழுத்து சின்னதாக இருந்தால் கோபால்ட் என்கிற ஒரே உலோகம். நான் அத்தனை அட்டையிலும் பெரியது சின்னது பார்க்காமல் வாசித்திருக்கிறேன். அவள் சொன்னதெல்லாம் சரி. என் அரைகுறைப் படிப்பு பிள்ளையை முட்டாளாக்கிவிட்டதே என்று எனக்கு முகம் சுட்டது. "என்கிட்ட குடுத்திருக்கவே கூடாதுடி" என்று எழுந்திருக்கப் போனேன்.

அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சிரிக்க ஆரம்பித்திருந்தாள். பல வாரம் கழித்து வந்த சிரிப்பு. சிரித்து ஓய்ந்ததும் சொன்னாள்: "நானும் இதேதான் மா பண்றேன். எக்ஸாம்ல அவசரத்துல பெரிசா சின்னதான்னு பார்க்கறதே இல்ல. போன தடவ போனதெல்லாம் இப்படித்தான் போயிருக்கும்."

"அப்ப பெரிசு சின்னதை எப்படிச் சொல்றது?" என்றேன். கேட்டவுடனே எனக்குள் எட்டாம் வகுப்புத் தமிழ் எட்டிப்பார்த்தது. "எங்க இஸ்கூல்ல குறில் நெடில்னு இருக்கும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு மாத்திரை."

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "மாத்திரைன்னா டேப்லெட்தானே?"

"இது வேற மாத்திரை. ஒரு தடவை விரலைச் சொடுக்கற நேரம்." சொடுக்கிக் காட்டினேன். "சின்ன எழுத்துக்கு ஒரு சொடுக்கு, பெரிய எழுத்துக்கு ரெண்டு. சரியா?"

"ஹவ்" என்றாள். எங்கள் வீட்டில் ஆமாம் என்பதற்கு அதுதான் வார்த்தை.

மறுநாள் வகுப்புக்குப் போனாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஒரு எழுத்து, ஒரு சொடுக்கு, இல்லை இரண்டு. எண்களையும் விடமாட்டேன், மேலே இருப்பது மேலே, கீழே இருப்பது கீழே. பயந்தவள் கையில் கொடுத்தால் ஒரு புள்ளிகூடத் தவறாது. என் கவலைக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு உபயோகம் கிடைத்தது. "இன்னும் மெதுவா மா" என்று அவளே கேட்பாள். நான் வாசிக்கிற வேகத்தில் அவளால் தாவ முடியாது, அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பரீட்சையன்று மே மாத வெயில். லேபிள் இருந்தால் விடமாட்டார்களாம், அதனால் உள்ளே போகும் முன் அவள் தண்ணீர் பாட்டிலின் லேபிளை உரித்தேனா என்று மூன்று தடவை பார்த்தேன். வெளியே வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மா, உள்ள ஒரு கேள்வியில சொடுக்கிட்டேன்."

"அய்யய்யோ, யாராச்சும் பார்த்தாங்களா?"

"மேடம் முறைச்சாங்க. பரவால்ல. அது சின்ன ஓ."

கெமிஸ்ட்ரியில் மார்க் ஏறியது. வீட்டிலிருந்து ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பஸ் ஏறியிருப்பாளா என்ற கவலை இப்போது ஹாஸ்டலில் சாப்பிட்டிருப்பாளா என்று மாறியிருக்கிறது. அது போகாது.

ஆனால் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. 'உனக்குத் தெரியாது, கொடு இங்கே' என்று சொல்லி அவள் அட்டையை வாங்கிக்கொண்டிருக்கலாம். நியாயமும்கூட. அவள் என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். எட்டாவதோடு நின்றுபோன என் படிப்பில் தனக்கு வேண்டியது ஏதாவது இருக்கும் என்று என் மகள் நம்பினாள். நான்கூட அதை நம்பியதில்லை.

அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுத் தையல் மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். ஹூக் கட்டிக் கண் வலித்தால் எடுத்து ஒன்றிரண்டு வாசிப்பேன். நேற்றும் எடுத்தேன். சி, இரண்டு சொடுக்கு. ஓ, ஒரு சொடுக்கு.

தூங்குகிறார் என்று நினைத்த மனுஷன் கண்ணைத் திறக்காமல் சொன்னார்:

"கோபாலு."